குழந்தை கண்முன்னால் எடை குறைப்பது எப்படி? (தத்து, கேனிங், சர்க்கரை மூன்றும் ஒரே வீட்டில்)

அலமாரிஅம்மா எழுதியது:

மருத்துவர் எடையைக் குறைக்கச் சொல்லிவிட்டார். இரத்தச் சர்க்கரை இன்னும் நோய் என்று சொல்லும் அளவுக்குப் போகவில்லை, எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறது. இப்போது இருக்கும் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சர்க்கரையிலும் இரத்த அழுத்தத்திலும் நல்ல மாற்றம் தெரியும் என்றார். சரி என்று வீட்டுக்கு வந்து எடைக் குறைப்பு பற்றி எதை எடுத்துப் படித்தாலும் முதல் பாடம் ஒன்றுதான்: தின்பண்டத்தை எல்லாம் வீட்டை விட்டு அனுப்பு, அலமாரியைப் பூட்டு, ராத்திரி சாப்பாட்டை விடு.

என் வீட்டில் இது நடக்காது. நடத்தவும் மாட்டேன்.

என் மகளை நாங்கள் தத்தெடுத்தபோது அவளுக்கு ஆறு வயது. அதற்கு முந்தைய கதை அவளுடையது, அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. இவ்வளவு மட்டும் சொல்கிறேன்: அடுத்த வேளைச் சாப்பாடு வருமா என்று தெரியாமல் அவள் இருந்திருக்கிறாள். வந்த புதிதில் தலையணை உறைக்குள் ரொட்டித் துண்டு இருக்கும், பள்ளிப்பையின் அடியில் நசுங்கிப்போன வாழைப்பழம் இருக்கும், தட்டில் இருப்பதை மெல்லாமல் விழுங்கிவிட்டு அடுத்தவர் தட்டைப் பார்ப்பாள். இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் வீட்டில் யாராவது ஒரு வேளை சாப்பிடாமல் எழுந்துபோனால் அன்று ராத்திரி அவள் படுக்கைக்குப் பக்கத்தில் ஏதாவது ஒளிந்திருக்கும். இது தவறாமல் நடக்கிறது.

இன்னொரு பக்கம், நான் கேனிங் செய்பவள், அதாவது பழம், காயைப் பாட்டிலில் அடைத்துச் சூடாக்கி நீண்ட நாள் கெடாமல் வைப்பவள். தக்காளி, ஆப்பிள், அன்னாசி, திராட்சை என்று எது மலிந்து வருகிறதோ அதைக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து வைத்துவிடுவேன். அந்த அலமாரிதான் என் மகளை இந்த வீட்டில் முதலில் சமாதானப்படுத்தியது என்று நான் நம்புகிறேன். வந்த புதிதில் சாயங்காலம் ஆனால் அதன் முன்னால் போய் நிற்பாள், ஒவ்வொரு பாட்டிலாக விரலால் தொட்டுக்கொண்டே போவாள், கடைசி பாட்டில் வரைக்கும் போய்விட்டுத்தான் விளையாடப் போவாள். இப்போது அந்த அலமாரியில் பாதி ஜாமும் சர்க்கரைப் பாகில் போட்ட பழமும்தான். அதுதான் எனக்கு ஆகாதது.

ஆக என் கேள்வி இரண்டு. சாப்பாடு குறைகிறது என்ற எண்ணமே குழந்தைக்கு வராமல் நான் எடை குறைப்பது எப்படி? அலமாரி காலியாகாமல் அதிலிருந்து சர்க்கரையை மட்டும் எடுப்பது எப்படி? தத்தெடுத்த பெற்றோர் யாராவது இதைக் கடந்து வந்திருந்தால் சொல்லுங்கள்.


மழைக்காகம் எழுதியது:

எங்கள் இரண்டு பையன்களும் தத்தெடுத்தவர்கள்தான், அண்ணன் தம்பி. பெரியவன் அப்படியே உங்கள் மகள் மாதிரி. ஒளித்து வைப்பதைத் திருட்டு என்று நினைக்காத ஒரு வீடு கிடைத்ததே அவளுக்குப் பெரிய விஷயம் அக்கா, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பட்டினி தெரிந்த குழந்தைக்கு வயிறு நிறைந்திருப்பது மட்டும் போதாது, நாளைக்கும் இருக்கும் என்பது கண்ணால் தெரிய வேண்டும். வாயால் எத்தனை முறை சொன்னாலும் அது உள்ளே இறங்காது, நேரத்துக்கு நேரம் தட்டு வந்து வந்துதான் இறங்கும்.

நாங்கள் செய்தது: சாப்பாட்டுக்கும் இடைத்தீனிக்கும் நேரம் வைத்து அதை மாற்றவே இல்லை. என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பது எங்கள் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பது அவன் பொறுப்பு. "போதும்டா" என்று நாங்கள் சொல்லவே மாட்டோம். ஆரம்பத்தில் வயிறு வலிக்க வலிக்கச் சாப்பிட்டான், பார்க்கவே கஷ்டமாக இருந்தது, பிறகு அவனாகவே தட்டில் மிச்சம் வைக்கும் நாள் வந்தது. அப்புறம் மேசையில் ஒரு கூடை, அதில் பழமும் கடலையும், யாரையும் கேட்காமல் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். படுக்கைக்குப் பக்கத்தில் மூடி போட்ட ஒரு டப்பாவும் கொடுத்தோம். அதில் கெட்டுப்போகாத பண்டம் மட்டும், தீர்ந்தால் நாங்களே நிரப்பிவிடுவோம். ஒளிப்பதற்கு அவசியமே இல்லாமல் போனதும் ஒளிப்பது தானாகக் குறைந்தது.

உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: "டயட்" என்ற சொல்லையே வீட்டுக்குள் விடாதீர்கள். அவள் உட்காரும்போது நீங்களும் உட்காருங்கள், அவள் சாப்பிடும் அதே பாத்திரத்திலிருந்து நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.


கொதிநிலை எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். ரொம்ப வருடமாகக் கேனிங் செய்கிறேன், வகுப்பும் எடுத்திருக்கிறேன்.

பழத்தை அடைப்பதற்குச் சர்க்கரை தேவையே இல்லை. பலரும் சர்க்கரைதான் கெடாமல் காக்கிறது என்று நினைக்கிறார்கள். பாகில் போட்டால் நிறம் மங்காது, துண்டு குழையாது, ருசி கூடும். அவ்வளவுதான் அதன் வேலை. பழத்தைக் காப்பது அதன் புளிப்பும், கொதிநீரில் வைக்கும் நேரமும், காற்றுப் புகாத மூடியும்தான். ஆப்பிள் துண்டுகளை வெறும் தண்ணீரிலோ அதன் சொந்தச் சாற்றிலோ கொதிக்கவிட்டு, சூடாகவே பாட்டிலில் நிரப்பி, மேலே அரை அங்குலம் இடம் விட்டு, மூடி போட்டு, கொதிநீரில் 20 நிமிடம் வைத்தால் போதும். அரை லிட்டர் பாட்டிலுக்கும் ஒரு லிட்டர் பாட்டிலுக்கும் இதே நேரம்தான். அன்னாசிக்கு அரை லிட்டருக்கு 15, ஒரு லிட்டருக்கு 20. இவை அமெரிக்க வேளாண் துறையின் கேனிங் வழிகாட்டியில் உள்ள கணக்கு, கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் வரை இருப்பவர்களுக்கு. அதற்கு மேலே மலைப்பாங்கான இடத்தில் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும் என்பதால் நேரத்தைக் கூட்ட வேண்டும்.

ஜாம் கதை வேறு. அதில் சர்க்கரைதான் பெக்டினோடு (பழத்தில் இருக்கும், ஜாமை இறுக வைக்கும் பொருள்) சேர்ந்து கெட்டியாக்குகிறது, பாதிக்குக் குறையாமல் சர்க்கரைதான் இருக்கும். சாதாரண ஜாம் செய்முறையில் சர்க்கரையை மட்டும் பாதியாக்கினால் இறுகாது. கால்சியத்தோடு சேர்ந்து இறுகும் ஒரு வகைப் பெக்டின் இருக்கிறது, குறைந்த சர்க்கரைக்கென்றே விற்கிறார்கள், அதில் செய்யுங்கள்.

தக்காளியைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. பி.எச் (புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6க்குக் கீழே இருந்தால்தான் கொதிநீர் போதும், தக்காளி அந்தக் கோட்டின் மேலேயே நிற்கும் காய். ஒன்று கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும், இன்னொன்று இந்தப் பக்கம். அதனால் ஒரு லிட்டர் பாட்டிலுக்கு இரண்டு மேசைக்கரண்டி, அரை லிட்டருக்கு ஒன்று என்று பாட்டிலில் அடைத்து விற்கும் எலுமிச்சைச் சாற்றைக் கண்டிப்பாகச் சேர்க்க வேண்டும். பிழிந்த பழச்சாற்றின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும், அதை நம்ப முடியாது. சிட்ரிக் அமிலமாக இருந்தால் லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி. புளிக்கிறது என்றால் திறந்து சமைக்கும்போது சரிசெய்துகொள்ளலாம், அடைக்கும்போது அமிலத்தைக் குறைக்கக் கூடாது.


புதுச்சமையல் எழுதியது:

நான் கேனிங்குக்குப் புதிது. எனக்கும் எடைதான் பிரச்சினை, அதனால் பழத்தை விட பீன்ஸ், கேரட் அடைத்து வைத்தால் வேலை விட்டு வரும் நாட்களில் உதவும் என்று பார்க்கிறேன். வீட்டில் சின்ன பிரஷர் குக்கர் இருக்கிறது, அதிலேயே பாட்டிலை வைத்து எடுக்கலாமா? இல்லை, தண்ணீரிலேயே மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டால் போதுமா? என் ஐந்து வயது மகனும் கூடவே நிற்கிறான், அவனுக்கு என்ன வேலை கொடுக்கலாம்?


கொதிநிலை எழுதியது:

இரண்டுமே கூடாது தோழி. ஏன் என்று சொல்கிறேன், ஏனென்றால் காரணம் தெரியாமல் விதியை மட்டும் சொன்னால் யாருக்கும் மனதில் நிற்பதில்லை.

கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிரின் வித்துகள் மண்ணில் எங்கும் இருக்கின்றன, காய்கறியோடு வீட்டுக்கு வந்துவிடும். காற்று இருக்கும் இடத்தில் அவை சும்மா கிடக்கும். காற்று இல்லாமல், புளிப்பும் குறைவாக, சாதாரண அறை வெப்பத்தில் ஒரு இடம் கிடைத்தால் முளைத்து நஞ்சைக் கக்கும். மூடிய பீன்ஸ் பாட்டில் என்பது அதற்கென்றே கட்டிக் கொடுத்த வீடு. அந்த நஞ்சு நரம்பைத் தாக்கி மூச்சையே நிறுத்தக் கூடியது, வாசனையிலோ நிறத்திலோ தெரியாமலும் இருக்கலாம். தண்ணீர் மூன்று மணி நேரம் கொதித்தாலும் 100 டிகிரிதான். இந்த வித்துகளை அழிக்க 116 முதல் 121 டிகிரி வேண்டும், அது அழுத்தத்தில் மட்டுமே கிடைக்கும்.

சின்ன குக்கர் ஏன் ஆகாது என்றால் அது சீக்கிரம் சூடேறிச் சீக்கிரம் ஆறிவிடும். கேனிங் நேரக் கணக்கெல்லாம் பெரிய கேனர் (கேனிங் பாத்திரம்) மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறுவதையும் சேர்த்துப் போட்டது. ஒரு லிட்டர் பாட்டில் குறைந்தது நான்கு நிற்கும் அளவுள்ள, கேனிங்குக்கென்றே செய்த பிரஷர் கேனர் வேண்டும். அதிலும் மூடியதும் நீராவித் துளையின் மேல் எடைக்கட்டியைப் போடக் கூடாது, 10 நிமிடம் நீராவியை வெளியே விட வேண்டும். உள்ளே காற்று மாட்டிக்கொண்டால் அழுத்தம் சரியாகக் காட்டும், வெப்பம் குறைவாக இருக்கும். எடைக்கட்டி வைக்கும் வகைக் கேனரில் பீன்ஸுக்கு 10 பவுண்டு அழுத்தத்தில் அரை லிட்டர் 20 நிமிடம், ஒரு லிட்டர் 25. கேரட்டுக்கு 25, 30. 300 மீட்டர் உயரத்துக்கு மேலே 15 பவுண்டு. உப்பு போடுவதும் போடாததும் உங்கள் ருசி, இங்கே அதற்குப் பாதுகாப்பு வேலை எதுவும் இல்லை.

ஓவனில் பாட்டிலை வைத்துச் சூடாக்குவது, சூடாக ஊற்றிக் கவிழ்த்து வைப்பது, இதையெல்லாம் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மாவு போட்டுக் கெட்டியாக்கிய சூப், மசித்த பூசணி இவற்றையும் அடைக்கக் கூடாது, கெட்டியாக இருந்தால் வெப்பம் நடுப்பகுதிக்குப் போய்ச் சேராது.

பையனுக்கு வேலை நிறைய இருக்கிறது. காய் கழுவலாம், பீன்ஸ் நுனி கிள்ளலாம், ஒட்டும் சீட்டில் தேதி எழுதலாம். அடுப்புப் பக்கம் மட்டும் வேண்டாம்.


நிதானநடை எழுதியது:

நான் தத்தெடுத்தவள் இல்லை, மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு எடை குறைத்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். மெதுவாகக் குறைந்ததுதான் நின்றது. வாரத்துக்கு அரைக் கிலோ, அதிகம் போனால் ஒரு கிலோ, அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். ஒரே நாளில் ஒரு கிலோ ஏறி இறங்குவது பெரும்பாலும் தண்ணீர்தான், முந்தின நாள் உப்புக் கூடியிருக்கும், அதைப் பார்த்து அழ வேண்டாம். எடை பார்க்கும் மெஷினைப் பொது இடத்தில் வைக்காதீர்கள். தூக்கம் கெட்டால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடுகிறது, புதிதாகக் குழந்தை வந்த வீட்டில் எடை ஏறுவதற்குப் பாதிக் காரணம் அதுவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். நடை மிக முக்கியம், உலக சுகாதார அமைப்பு சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி.

இதே அமைப்பு, தனியாகச் சேர்க்கும் சர்க்கரை நாளின் மொத்த கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதம் என்றால் இன்னும் நல்லது என்கிறது. 5 சதவீதம் என்பது சுமார் 25 கிராம், ஆறு தேக்கரண்டி. ஒரு மேசைக்கரண்டி ஜாமிலேயே 10 கிராமுக்கு மேல் போய்விடும். அதனால் ஒன்று மட்டும் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: எல்லாவற்றையும் திறந்து வைப்பது சரி, இனிப்பை மட்டுமாவது எடுத்து மறைத்து வையுங்கள். உங்களுக்கும் நல்லது, அவளுக்கும் நல்லது. எனக்கு மதியம் வரைக்கும் சாப்பிடாமல் இருக்கும் முறையும் நன்றாக வேலை செய்தது.


அலமாரிஅம்மா எழுதியது:

கோபமெல்லாம் இல்லை, ஆனால் இரண்டுக்கும் மாட்டேன் என்றுதான் சொல்வேன். மறைத்து வைத்த இனிப்பை அவள் கண்டுபிடிக்கும் நாளில் என்ன தெரிந்துகொள்வாள்? இந்த வீட்டிலும் சாப்பாட்டை மறைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வாள். வாங்காமல் இருக்கலாம், செய்யாமல் இருக்கலாம், இருப்பதை மறைக்க மாட்டேன். ஜாம் தீரத் தீர அந்த இடத்தில் சர்க்கரை போடாத ஆப்பிளை வைத்துக்கொண்டே வந்தால் அலமாரி நிறைந்தே இருக்கும், உள்ளே இருப்பது மட்டும் மாறும்.

காலைச் சாப்பாட்டை விடுவதும் முடியாது. நான் வெறும் காபியோடு நின்றால் அவள் கண் என் தட்டு இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கும். மூன்று வேளையும் உட்காருவேன், என் தட்டும் நிறைந்துதான் இருக்கும். பாதித் தட்டு காய்கறி, பயறோ முட்டையோ ஒரு பங்கு, மாவுப்பொருள் ஒரு பங்கு. அவள் தட்டிலும் இதேதான், அவளுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி கிடைக்கும். மெதுவாக நடக்கும், நடக்கட்டும்.

கொதிநிலை அண்ணா, உங்களிடம் ஒரு சந்தேகம். மழைக்காகம் சொன்ன டப்பாவைப் படித்ததும் தோன்றியது. அவள் சில நாள் பழப் பாட்டிலையே படுக்கைக்குக் கொண்டுபோகிறாள். திறந்து பாதி சாப்பிட்டு ஒளித்து வைத்துவிட்டால்?


கொதிநிலை எழுதியது:

நல்ல கேள்வி. மூடி திறக்காத பாட்டில் கட்டிலுக்கு அடியில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. திறந்துவிட்டால் குளிர்பெட்டிக்குப் போக வேண்டும். அவளுக்கென்று கால் லிட்டர் பாட்டிலில் போடுங்கள், ஒரே முறையில் தீர்த்துவிடுவாள். அரை லிட்டருக்கு உள்ள நேரத்தையே அதற்கும் வையுங்கள், குறைக்க வேண்டாம். அலமாரியில் வைக்கும்போது மூடியைப் பிடித்திருக்கும் திருகு வளையத்தைக் கழற்றிவிட்டு தட்டை மூடியோடு மட்டும் வையுங்கள். மூடி தளர்ந்திருந்தால் உடனே தெரியும், வளையம் இருந்தால் அது மறைத்துவிடும்.


எதிர்க்கேள்வி எழுதியது:

மன்னிக்கவும், எனக்கு ஒன்று புரியவில்லை. சொந்தப் பிள்ளைகளும்தான் பிஸ்கட்டை ஒளித்து வைக்கிறார்கள், அம்மா சாப்பிடாவிட்டால் கேட்கிறார்கள். ஏன் எதற்கெடுத்தாலும் தத்து தத்து என்று பிரித்துப் பார்க்க வேண்டும்? சாதாரணமாக வளர்த்தால் சாதாரணமாக வளரும்.


மழைக்காகம் எழுதியது:

முதலில், அவளும் சொந்தப் பிள்ளைதான். அந்தச் சொல்லை இந்த மாதிரி வீடுகளில் கவனமாகப் பயன்படுத்துங்கள், பிள்ளைகள் காதில் விழும்.

பிரித்துப் பார்ப்பது யாரும் ஆசைப்பட்டுச் செய்வதில்லை. என் பெரியவனை முதல் முறை மருத்துவரிடம் கூட்டிப்போனபோது படிவத்தில் "குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை நோய், இதய நோய் உண்டா" என்று இருந்தது. தெரியவில்லை, தெரியவில்லை, தெரியவில்லை என்று எழுதினேன், அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டிருந்தான். பல வீடுகளில் கேள்வியே எழாத இடங்களில் எங்களுக்குக் கேள்வி இருக்கிறது. பிஸ்கட் ஆசையில் ஒளிப்பவனைக் கண்டுபிடித்தால் சிரிப்பான். பயத்தில் ஒளிப்பவன் உறைந்து போய் நிற்பான். இரண்டையும் நேரில் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.


மறுநடவு எழுதியது:

இழை முழுக்க வாசித்துவிட்டு எழுதுகிறேன். நான் தத்தெடுக்கப்பட்ட பிள்ளை, இப்போது எனக்கே குழந்தைகள் இருக்கிறார்கள்.

என் அம்மா என்னை உயிராக வளர்த்தார், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நான் வந்த இரண்டாம் வருடம் எடை குறைக்க ஆரம்பித்தார். எங்கள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அவர் மட்டும் சமையலறையில் நின்றுகொண்டு ஒரு கிண்ணத்தில் வெள்ளரிக்காய் சாப்பிடுவார். நான் போட்ட கணக்கு என்ன தெரியுமா? நான் வந்ததால் சாப்பாடு போதவில்லை, அதனால் அம்மா தன் பங்கை விட்டுக்கொடுக்கிறார். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். அவர் மெலிய மெலிய எல்லோரும் பாராட்டினார்கள், எனக்குக் குற்ற உணர்ச்சி கூடிக்கொண்டே போனது. கல்லூரிக்குப் போன பிறகுதான் ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன், அம்மா அழுதுவிட்டார், அவருக்கு இது கனவிலும் தோன்றியிருக்கவில்லை.

அதனால் அலமாரிஅம்மா, மழைக்காகத்தோடு ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. வீட்டில் டயட் பேச்சே வேண்டாம் என்பது சரி, ஆனால் ஒன்றுமே சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். குழந்தை மாற்றத்தைப் பார்க்கும், காரணத்தைத் தானே இட்டுக்கட்டும். அவள் இட்டுக்கட்டும் காரணம் எப்போதும் அவளையே குற்றம் சொல்லும். "என் இரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, அதனால் நான் இனிப்பைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டியிருக்கிறேன், வீட்டில் எல்லோருக்கும் வேண்டிய சாப்பாடு இருக்கிறது" என்று நேராகச் சொல்லுங்கள். ஒரு தடவை போதாது. உடம்பு, குண்டு, ஒல்லி என்ற பேச்சு வேண்டாம். அவள் உடம்பு உங்கள் உடம்பு மாதிரி வளராது, வருகிற உறவுக்காரர்கள் அதை ஒப்பிட்டுப் பேசினால் அவள் முன்னாலேயே தடுத்துப் பேசுங்கள். பிற்பாடு தனியாகச் சமாதானம் சொல்வதை விட அது ஆயிரம் மடங்கு மேல்.


நிதானநடை எழுதியது:

மறுநடவு எழுதியதைப் படித்த பிறகு நான் சொன்ன இனிப்பு மறைக்கும் யோசனையை வலியுறுத்தப் போவதில்லை. மதியம் வரை சாப்பிடாமல் இருப்பதும் இந்த வீட்டுக்கு ஒத்துவராது. நடையை மட்டும் விட்டுவிடாதீர்கள், அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.


அலமாரிஅம்மா எழுதியது:

மறுநடவு, உங்கள் பதிலை என் கணவரிடமும் வாசித்துக் காட்டினேன். நேற்று சாயங்காலம் தக்காளி அடைத்துக்கொண்டிருந்தபோது அவளிடம் சொல்லிவிட்டேன், ஏறக்குறைய நீங்கள் எழுதிய வார்த்தைகளிலேயே. "அப்போ ஜாம் எனக்கா?" என்றுதான் முதலில் கேட்டாள். உனக்கும் அப்பாவுக்கும், தீர்ந்த பிறகு சர்க்கரை கம்மியான ஜாம் செய்வோம் என்றேன். "நீ செத்துப்போவியா?" என்று அடுத்துக் கேட்டாள். இல்லை, அதற்காகத்தான் இதைச் செய்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் எலுமிச்சைச் சாறு ஊற்றும் வேலை தனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள், பாட்டிலுக்கு இரண்டு கரண்டி, வாய்விட்டு எண்ணி எண்ணி ஊற்றினாள்.

மூடியைச் சோதிக்கும் பொறுப்பும் இனி அவளுடையது. பாட்டில் எல்லாம் 12 மணி நேரமாவது அசையாமல் ஆற வேண்டும் என்பதால் இன்று காலை வரை காத்திருந்து, ஒவ்வொரு மூடியின் நடுவிலும் விரலால் அழுத்திப் பார்த்தாள். ஒன்று மட்டும் உள்ளே போய் மேலே எழும்பியது, அதாவது சரியாக மூடிக்கொள்ளவில்லை. அதைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். கொதிநிலை அண்ணா, இதைத் திரும்ப அடைக்கலாமா, இல்லை இன்றே சமைத்துவிட வேண்டுமா?


கொதிநிலை எழுதியது:

24 மணி நேரத்துக்குள் என்றால் இரண்டும் செய்யலாம். திரும்ப அடைப்பதென்றால் பாட்டிலின் வாயில் சின்ன உடைசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், இருந்தால் பாட்டிலையே மாற்றுங்கள். புது மூடி போட்டு முழு நேரமும் மறுபடி கொதிக்கவிட வேண்டும், பாதி நேரம் போதாது. ஒரு பாட்டிலுக்காக இவ்வளவு கேஸ் எதற்கு என்று தோன்றினால் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு ராத்திரி சூப்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.